திரித்துவ ஞாயிறும் கனன் அருமைநாயகமும்

கொள்ளுப்பிட்டியிலிருந்து ஹெந்தளை வரைக்கும் அங்கிலிக்கன் ஆலயங்களில் தமிழில் பிரசங்கம் செய்கிற குருமார் அத்தனை பேரும் கனன் றொபேட் அருமைநாயகத்திடம் படித்தவர்கள். அதனால்தான் அவர் ஓய்வு பெற்ற நாளிலிருந்து ஒருவரும் அவரைப் பிரசங்கத்துக்குக் கூப்பிடவில்லை.

கனன் என்பது திருச்சபை மூத்த குருமாருக்குக் கொடுக்கும் பட்டம். சம்பளம் ஏறாது, நடை மட்டும் மாறும். அருமைநாயகத்துக்கு நடை முன்னரே அப்படித்தான் இருந்தது என்பதால் பட்டம் வந்ததை வீட்டில் இருந்தவர்கள்கூடக் கவனிக்கவில்லை.

சுண்டிக்குளியில் பிறந்தவர். குருப்பட்டம் பெற்று முதலில் அனுப்பப்பட்ட சபையில் பாட்டுகளுக்கு ஓகன் வாசிப்பவருடன் சண்டை. இரண்டாவது சபையில் ஓகன் இல்லை. ஆகவே மணி அடிப்பவருடன் சண்டை. மூன்றாவது சபை ஒன்றுகூடிப் பேராயரிடம் போய் நின்றது. ஒரு குருவை எந்தச் சபையிலும் வைத்திருக்க முடியாமற் போனால் இறையியல் கல்லூரிக்கு விரிவுரையாளராக அனுப்பிவிடுவது நல்ல நிர்வாகம். அங்கே சபை கிடையாது. மாணவர்கள்தான் இருப்பார்கள், அவர்களுக்கு ஓட இடமில்லை. இடையில் ஒரு வருடம் மேற்படிப்புக்கு இங்கிலாந்து போய்வந்தார். அந்த ஒரு வருடத்தைப் பிற்பாடு ஆயுள் முழுவதும் செலவழித்தார்.

கல்லூரியில் அவர் நடத்திய பிரசங்க வகுப்பைப் பற்றி இன்றைக்கும் குருமார் இரண்டு பேர் சந்தித்தால் குரலைத் தாழ்த்தித்தான் கதைப்பார்கள். மாணவன் சிற்றாலயத்தில் பிரசங்கம் செய்ய வேண்டும். முடிந்ததும் இறங்கி வந்து நடுவில் போட்ட கதிரையில் இருக்க வேண்டும். சக மாணவர்கள் ஒவ்வொருவராகக் குறை சொல்வார்கள். கடைசியில் கனன் சொல்வார். கதிரையில் இருப்பவன் பதில் சொல்லக்கூடாது. தலையாட்டவும் கூடாது. "ஞாயிற்றுக்கிழமை வாசலிலை சனம் சொல்லுறதுக்கெல்லாம் மறுமொழி சொல்ல ஏலாது, தம்பி. இப்பவே வாயைப் பொத்திப் பழகும்," என்பது அவருடைய விளக்கம். விளக்கம் நியாயமானதுதான். அந்தக் கதிரையில் அவர் ஏன் ஒரு நாளும் இருந்ததில்லை என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியவன் கதிரையில் இருந்தான்.

கிளின்ரன் அந்தக் கதிரைக்கு வந்தது இரண்டாம் வருடத்தில். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்த பிள்ளை. பயந்த சுபாவம், நல்ல குரல். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூவராயும் கடவுள் ஒருவராயும் இருப்பதைப் பற்றிப் பிரசங்கிக்கச் சொன்னார்கள். அவன் தனக்குத் தெரிந்ததை வைத்துச் சொன்னான்: தேயிலை, தண்ணீர், பால், மூன்றும் சேர்ந்தால் ஒரே ஒரு டீ. மாணவர்கள் சிலருக்குப் பிடித்துக்கூட இருந்தது.

கனன் எழுந்து கண்ணாடியைத் துடைத்தார்.

"தம்பி, பாலை எடுத்துவிட்டால் உம்முடைய கடவுள் பிளேன்ரீயோ?"

வகுப்பு சிரித்தது. கனன் அதோடு விட்டிருக்கலாம். "சீனி எந்த ஆள்?" என்றும் கேட்டார். பிறகு மலைநாட்டு உச்சரிப்பைப் பற்றிக் கொஞ்சம் சொன்னார். அதையும் இங்கிலாந்தையும் எப்படியோ தொடுத்தார். கிளின்ரன் அந்தப் பாடத்தை மறுபடி படிக்க வேண்டி வந்தது. குருப்பட்டம் கிடைப்பதற்கு வெகுகாலம் முன்பே பிளேன்ரீ பாதர் என்ற பட்டம் கிடைத்துவிட்டது. அது சபை சபையாக அவனுக்கு முன்னாலேயே போய் இறங்கியது.

இப்போது அவர் கொட்டாஞ்சேனை பரிசுத்த தீத்து ஆலயத்துக் குருவானவர். ஆகவே நாமும் இனி மரியாதையாக அவர் என்றே எழுதுவோம். கனனோ வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், கடல் தெரியும் என்று வாங்கிய ஃபிளாட்டில் இருக்கிறார். வாங்கிய பிறகு முன்னால் இன்னொரு ஃபிளாட் எழும்பியது. இப்போது யன்னலைத் திறந்தால் அடுத்தவர்களின் உடுப்புக் காய்வது தெரியும்.

பிரசங்கபீடத்தில் ஏறாத பிரசங்கியாருக்கு என்ன நடக்கும் என்பதை அவருடைய மனைவி பேர்ணடெற்றிடம் கேட்க வேண்டும். கொட்டாஞ்சேனையில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, இவரைக் கட்டியதற்காக இரண்டு சபையிடமும் பேச்சு வாங்கிய பெண்மணி. காலைச் சாப்பாட்டுக்கு இடியப்பம் வைத்தால் கனன் அதில் மூன்று குறை சொல்வார். ஒவ்வொன்றுக்கும் வேதவசனம் இருக்கும். "இஞ்சேருங்கோ, ஆராவது உங்களை ஒருக்காக் கூப்பிட்டால் மெழுகுதிரி கொளுத்துறன்," என்று ஒரு நாள் சொன்னார். எந்தச் சபையில் கொளுத்துவார் என்று கனன் கேட்கவில்லை. கேட்டால் சண்டை வரும்.

மெழுகுதிரி எங்கேயோ எரிந்திருக்க வேண்டும். கிளின்ரன் தொலைபேசியில் வந்தார்.

"ஐயா, சுகமா இருக்கீங்களா? திரித்துவ ஞாயிறுக்கு நம்ம ஆலயத்துல பிரசங்கம் செய்ய வரணுங்க."

கனனுக்கு விளங்கியது. திரித்துவ ஞாயிறு என்பது குருமாருக்குக் காய்ச்சல் வருகிற நாள். வருடத்தில் அன்றைக்குத்தான் மூவரும் ஒருவரும் எப்படி என்று விளக்க வேண்டும். எப்படி விளக்கினாலும் திருச்சபை தள்ளிவிட்ட ஏதாவதொரு பழைய துருபதேசத்தில் கால் வைக்காமல் இறங்க முடியாது. ஆகவே புத்தியுள்ள குரு அன்றைக்கு உதவிக் குருவை ஏற்றுவார். உதவிக் குரு இல்லாவிட்டால் ஓய்வு பெற்ற ஆளைப் பிடிப்பார். கனனே தன் காலத்தில் எத்தனையோ பேரை அப்படி ஏற்றி விட்டுக் கீழே சாய்ந்திருந்து ரசித்தவர்.

ஆனால் கொட்டாஞ்சேனையில் வேறொன்றும் இருந்தது. ஒவ்வொரு மாதமும் இரண்டாம் ஞாயிறு கிளின்ரன் ஹெந்தளைக்குப் போய் அங்கே ஆராதனை நடத்த வேண்டும். அன்றைக்குப் பரிசுத்த தீத்துவில் ஆளில்லை. மாதம் ஒரு பிரசங்கபீடம் சும்மா நிற்கிறது. சபைக் காரியங்களைப் பார்க்கிற வார்டன் எட்வேட் ஆள் தேடிக்கொண்டிருந்தார். திரித்துவ ஞாயிறு நன்றாகப் போனால் இரண்டாம் ஞாயிறு கனனுக்கு. போகாவிட்டால் ஆயுள் முழுக்க இடியப்பம்தான்.

"வாறன் எண்டு சொல்லும்," என்றார் கனன், தன்னோடு கதைப்பவரிடமே.

திரித்துவ ஞாயிறுக்கு முதல் நாள் பின்னேரம் லிஃப்டில் மேல் மாடி கனகசபாபதி ஏறினார். ஓய்வு பெற்ற கணக்காளர்; பம்பலப்பிட்டிக் கோயிலுக்குப் போய்த் திருநீற்றோடு வருபவர். கனனின் கையிலிருந்த புத்தகக் கட்டைப் பார்த்தார்.

"நாளைக்கு என்ன விஷயம், பாதர்?"

"திரித்துவம்."

"ஓ. எங்கட மும்மூர்த்தி மாதிரி."

"இல்லை."

"அப்ப சக்தி, சிவம் எண்டு அந்த மாதிரியோ?"

"இல்லை."

"அப்ப என்ன மாதிரி?"

"ஒண்டின்ர மாதிரியும் இல்லை. அதுதான் விஷயம்."

கனகசபாபதி மாடி எண்களைப் பார்த்தார். "ஒண்டின்ர மாதிரியும் இல்லாததைச் சனத்துக்கு எப்பிடி விளங்கப்படுத்துவியள்?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். கதவு திறந்தது. கனன் இறங்கிக்கொண்டார், தன்னுடைய மாடிக்கு ஒரு மாடி முந்தி.

ஞாயிற்றுக்கிழமை 155 பஸ்ஸில் வெள்ளை அங்கியைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு போனார். "இஸ்ஸரஹட்ட, பாதர், இஸ்ஸரஹட்ட," என்று கொண்டக்டர் சிங்களத்தில் சொல்லி முன்னுக்குத் தள்ளினான். பேர்ணடெற் பின்னால் நின்றுகொண்டார். கொட்டாஞ்சேனை அவருடைய ஊர். தள்ளுவதற்கு அவருக்கு ஒருவரும் தேவையில்லை.

பிரசங்கம் மகா உன்னதமாக ஆரம்பித்தது. கனன் சாராம்சம் என்றார், ஆள்தன்மை என்றார், நான்காம் நூற்றாண்டு என்றார், ஒரு கிரேக்கச் சொல்லையும் இன்னொரு கிரேக்கச் சொல்லையும் எடுத்து ஒன்றோடொன்று உரசினார். நெருப்பு வரவில்லை. ஐந்தாம் நூற்றாண்டுக்கு வருகையில் பின்வரிசை கைபேசியில், வற்சப்பில் இருந்தது. நடுவரிசையில் ஒரு பெண், தன் குழந்தையின் தொப்பியைக் கழற்றிப் போட்டு, கழற்றிப் போட்டு நேரத்தைப் போக்கினாள். முன்வரிசையில் வார்டன் எட்வேட் கண்ணை மூடியிருந்தார். ஜெபம் என்று நினைக்கலாம், ஆனால் வாய் திறந்திருந்தது. பிரசங்கபீடத்துக்குப் பக்கத்தில் பெரிய மரக்கதிரையில் கிளின்ரன் மட்டும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டாம் ஞாயிறு தன் கையை விட்டுப் போவதைக் கனன் கண்ணால் கண்டார். வகுப்பில் எந்த மாணவனும் செய்யக்கூடாது என்று அவர் சொல்லிக்கொடுத்ததை அப்போது செய்தார். புத்தகத்தை மூடிவிட்டு உவமை தேடினார். தேடியவருக்கு உலகத்தில் மிகவும் பிடித்த பொருள்தான் முதலில் அகப்பட்டது.

"உங்கள் முன்னால் நிற்கிற என்னையே எடுத்துக்கொள்ளுங்கள்," என்றார். "வீட்டிலே நான் பேர்ணடெற்றின் கணவன். கல்லூரியிலே உங்கள் குருவானவரின் ஆசிரியன். இங்கே பிரசங்கி. மூன்று பேரா வந்து நிற்கிறார்கள்? ஆள் ஒன்று. வேலைதான் மூன்று."

எட்வேட் கண்ணைத் திறந்தார். கைபேசிகள் இறங்கின.

சொன்ன வாய் மூடுமுன்னரே கனனுக்குத் தெரிந்துவிட்டது. ஒரே ஆள் மூன்று வேலை பார்க்கிறார் என்பதுதான் சபெல்லியு என்பவர் மூன்றாம் நூற்றாண்டில் போதித்தது. அதற்காகவே திருச்சபை அவரை வெளியில் போட்டது. அப்படியானால் சிலுவைக்கு முந்திய இரவு இயேசு தோட்டத்தில் முழங்காலிட்டு, பிதாவே என்று ஜெபித்தது யாரிடம்? தன்னிடமேயா? இந்தக் கேள்வியைக் கேட்டே கனன் வருடாவருடம் மாணவர்களை விழுத்தி வந்தார். இந்த இடத்தில் நிறுத்தித் திருத்தியிருக்கலாம். ஆனால் சபை சிரித்துவிட்டது. அவருடைய பிரசங்கத்துக்கு ஒரு சபை சிரித்தது அதுதான் முதல் தடவை. கனன் உவமையை விரித்தார். கணவன் வேலையில் பேர்ணடெற்றிடம் பட்ட பாட்டைச் சொன்னார். ஆசிரியன் வேலையில் கிளின்ரன் பட்ட பாட்டையும் சொன்னார், பிளேன்ரீ உட்பட. சபை கைதட்டாத குறை. கிளின்ரனும் சிரித்தார், பல் தெரிய.

ஆராதனை முடிந்து மண்டபத்தில் டீயும் பற்றிஸ் பலகாரமும். கிளின்ரன் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து நடுவில் போட்டார்.

"நம்ம கனன் ஐயா காலேஜ்ல ஒரு நல்ல பழக்கம் வச்சிருந்தாருங்க. பிரசங்கம் பண்ணினவரு நடுவுல உக்காருவாரு. மத்தவங்க மனசுல பட்டதச் சொல்லுவாங்க. அவரு பதில் பேசக்கூடாது. ஐயா, உக்காருங்க."

எல்லோரும் பார்த்தார்கள். கனன் கதிரையில் இருந்தார். குறை சொல்வார்கள் என்று எதிர்பார்த்து முகத்தை அதற்கேற்றபடி வைத்துக்கொண்டார். நடந்தது அதைவிட மோசம்.

"பாதர், இத்தனை வருஷமா எனக்கு விளங்காதது இண்டைக்கு விளங்கிச்சு," என்றார் எட்வேட். "கடவுள் ஒராள்தான். மேல இருக்கேக்க பிதா. கீழ வரேக்க உடுப்பை மாத்திக்கொண்டு குமாரன். சிம்பிள்."

கனனின் உதடு அசைந்தது. கிளின்ரன் மெதுவாக விரலை உயர்த்திக் காட்டினார்.

"அப்ப ஒரே நேரத்துல மூணு பேரும் இருக்கமாட்டாங்க, என்ன?" என்று தொப்பிக் குழந்தையின் தாய் கேட்டாள். "டியூட்டி மாறி மாறித்தான் வருவாங்க."

"கரெக்ட். ஷிஃப்ட்," என்றார் எட்வேட்.

கனன் கதிரைப் பிடியை இறுக்கினார். தன் வாயால் போன ஒரு துருபதேசம் பற்றிசோடு சேர்ந்து மண்டபம் முழுக்கப் பரவிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பாராட்டும் சபெல்லியுவைக்கூட வெட்கப்பட வைக்கும். தலையாட்டவும் கூடாது. பேர்ணடெற் சுவரோரமாக நின்று, கல்யாணத்துக்குப் பிறகு இவ்வளவு நேரம் இவர் பேசாமலிருந்து பார்த்ததில்லையே என்ற ஆச்சரியத்தில் இரண்டாவது டீயையும் குடித்தார்.

கடைசியாகக் குரு சொல்ல வேண்டும். கிளின்ரன், "ரொம்பத் தெளிவா இருந்துச்சுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு, கனனை அங்கி மாற்றும் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"ஐயா, எட்வேட் அங்கிள் ரெண்டாம் ஞாயிறு உங்களுக்கே குடுக்கச் சொல்லிட்டாரு. நானும் சரின்னுட்டேன்."

 வாயைத் திறக்கலாமா, கதிரையின் விதி முடிந்ததா என்று கனனுக்குத் தெரியவில்லை.

"ஒண்ணுதாங்க. அடுத்த ஞாயிறு அஞ்சு நிமிசம் தாரேன். 'போன கிழமை நான் சொன்னது பிழை'ன்னு சபைக்குச் சொல்லிருங்க."

"பிழை எண்டு ஆர் சொன்னது?"

"நீங்க. ரெண்டாம் வருச வகுப்புல."

"அது மாணவருக்குச் சொன்னது. சாதாரண சனத்துக்கு ஒரு அளவிலை..."

"நானும் சாதாரண சனத்துக்குத்தானுங்க டீ ஊத்தினேன்," என்றார் கிளின்ரன். குரலில் கோபமே இல்லை. அந்த வாக்கியத்தை அவர் வெகுகாலமாகத் தீட்டி வைத்திருந்தார் என்பது அதன் மினுக்கத்தில் தெரிந்தது. "எழும்பி நின்னு 'நான் பிழை'. அவ்வளவுதான். மாசாமாசம் பிரசங்கபீடம் உங்களுது. இல்லைன்னா இல்லை."

அந்தக் கிழமை வெள்ளவத்தை ஃபிளாட்டில் சாப்பாட்டு மேசை புத்தகங்களுக்கடியில் காணாமற் போனது. திருத்திச் சொல்வதற்கு ஆயத்தப்படுகிறார் என்று பேர்ணடெற் நினைத்தார்.

"இஞ்சேருங்கோ, பிழை எண்டால் பிழை எண்டு சொல்லிப்போட்டு வாங்கோவன். எனக்கு ஒரு நாளும் சொன்னதில்லை. கொட்டாஞ்சேனைச் சனத்திட்டையாவது சொல்லிப் பழகுங்கோ."

"சபெல்லியுவை ஒருத்தரும் ஒழுங்கா விளங்கிக்கொள்ளேல்லை, பேர்ணடெற்."

"ஆர் அவர்? உங்களோட படிச்சவரோ?"

"ஆயிரத்தெண்ணூறு வருஷத்துக்கு முந்திச் செத்தவர்."

"அவரைக் காப்பாத்தவோ நீங்கள் சாப்பிடாமல் இருக்கிறியள்?"

"அவருடைய எழுத்து ஒண்டும் மிஞ்சேல்லை. எதிரிகள் எழுதினதை வைச்சுத்தான் தீர்ப்புச் சொன்னவை. ஒரு மனிசனை விளக்கம் சொல்ல விடாமல் இருத்தி வைச்சுக் குற்றம் சாட்டுறது எந்த ஊர் நியாயம்?"

 பேர்ணடெற் சோற்றைக் கட்டிலில் கொண்டுபோய் வைத்தார், மேசையில் இடமில்லை. வியாழக்கிழமைக்குள் கனன் சபெல்லியு குற்றமற்றவர் என்று நிரூபித்துவிட்டார். கிளின்ரனிடம் பிழை ஒப்புக்கொள்வதைவிடத் திருச்சபையின் முழு வரலாற்றையும் திருத்துவது அவருக்குச் சுலபமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு அறிவித்தல்கள் முடிந்ததும் கிளின்ரன் சபையைப் பார்த்து, "கனன் ஐயா நமக்கு ஏதோ சொல்ல விரும்புறாருன்னு நெனைக்கிறேன்," என்றார்.

சபை ஆவலாகத் திரும்பியது. எட்வேட் முன்கூட்டியே சிரித்துவிட்டார். கனன் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தபடி இருந்தார். அது சரியாகத்தான் சுற்றியது, இருந்தாலும் பார்த்தார். இரண்டாம் ஞாயிறு, மூன்றாம் ஞாயிறு, எல்லா ஞாயிறும் அந்த விசிறியோடு சுற்றிப் போவது அவருக்குத் தெரிந்தது. எழும்பவில்லை.

கிளின்ரன் காத்திருந்து பார்த்துவிட்டுப் பிரசங்கபீடத்தில் ஏறினார். வேறு வழியில்லை. எட்வேட் கிழமை முழுக்கச் சபையின் வற்சப் குழுவில் கடவுளுக்கு ஷிஃப்ட் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு குரு அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஆகவே பெயர் சொல்லாமல் திருத்தினார். சாராம்சம் என்றார், ஆள்தன்மை என்றார். இரண்டு கிரேக்கச் சொற்களும் வந்தன. ஒரு வார்த்தை பிசகவில்லை. அது கனனின் இரண்டாம் வருட விரிவுரை; நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, இரும வேண்டிய இடத்தில் இருமி, அப்படியே வந்தது.

கனன் கவனமாகக் கேட்டார். பிழை ஒன்றும் இல்லை. நாலாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவருக்குக் கொட்டாவி வந்தது. கையால் மறைத்தார். இரண்டாவதை மறைக்கவில்லை. பக்கத்தில் எட்வேட் அயர்ந்துபோயிருந்தார்.

வாசலில் கை கொடுக்கும்போது கிளின்ரன் கையை விடாமல் பிடித்துக்கொண்டார்.

"எப்படிங்க, ஐயா?"

"முழுக்கச் சரி."

"அப்படியா."

"ஒருத்தருக்கும் ஒரு மண்ணும் விளங்கேல்லை."

"உங்க பாடந்தானுங்க."

"தெரியும். அதைத்தான் சொல்லுறன்."

பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். கிளின்ரன் கையை விட்டார். "ரெண்டாம் ஞாயிறுக்கு மட்டக்குளிப் பாதரக் கூப்பிட்டிருக்கேன், ஐயா. ஒங்களுக்குத் தெரியும். நீங்க ரெண்டு தடவை பெயிலாக்கினவரு."

"அவன் இன்னும் மூச்சு விடாமலோ பிரசங்கம் பண்ணுறான்?"

"வந்து கேளுங்களேன்."

கனன் வந்தார். இரண்டாம் ஞாயிறு காலை, மணி அடிக்க முன்னமே, மட்டக்குளிப் பாதர் பிரசங்கபீடத்தில் ஏறி நின்றால் நேரே தன் முகத்தைப் பார்க்க வேண்டிவரும் இடமாகத் தெரிந்தெடுத்து, பேர்ணடெற்றைத் தள்ளி இருக்கச் சொல்லிவிட்டு, கண்ணாடியைத் துடைத்தபடி அங்கே இருந்துகொண்டார்.